அடுப்புக்கு ஒரு பங்கு

கண்ணீரில் எத்தனையோ வகை உண்டு. பிரிவில் வருவது, துரோகத்தில் வருவது, பிள்ளையைக் கட்டிக்கொடுத்து அனுப்பும்போது வருவது. வெங்காயம் உரிக்கையில் வருவதை யாரும் கண்ணீர்க் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆனால் மண்டபம் ஊருக்கு மேற்கே, கடலோரக் குடிசை ஒன்றில் வாழ்ந்த பூமயிலுக்கு எல்லாக் கண்ணீரும் வெங்காயத்தோடு சேர்ந்துதான் வந்துபோனது. அழுவதற்கென்று தனியாக உட்கார அவளுக்கு நேரம் கிடைத்ததே இல்லை.

நாடு சுதந்திரம் அடைந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தது. அந்தச் செய்தி அவளுடைய அடுப்படிக்கு மட்டும் இன்னும் வந்து சேரவில்லை. தினமும் போட் மெயில் ரயில் ஊதிக்கொண்டு பாம்பன் பாலத்தை நோக்கி ஓடும். எவ்வளவு ஓடினாலும் அதற்குத் தனுஷ்கோடி என்று போய் நிற்க ஓர் இடம் இருந்தது. பூமயிலுக்கு அதுவும் இல்லை.

விடிவதற்கு முன்பே குடத்தோடு ஊற்றடிக்குப் போவாள். ஊற்று என்றால் மணலில் தோண்டிய குழிதான். அடியில் நல்ல தண்ணீர் சொட்டுச் சொட்டாகக் கசியும். குழியோரம் குந்தி, தேங்காய்ச் சிரட்டையால் மேலாக, பச்சைப் பிள்ளையின் முகம் துடைப்பதுபோல மெல்ல அள்ள வேண்டும். அவசரப்பட்டால் மணல் சரிந்து கலங்கிவிடும். அப்புறம் தெருவுக்கே அன்று தண்ணீர் இல்லை. குடம் நிறைந்ததும் உடைமுள் விறகு, உலை, நாலு பிள்ளைகள், கரைக்குக் கஞ்சி, கருவாட்டைக் காய வைப்பது, காக்காய் விரட்டுவது, ஆட்டைக் கட்டுவது, அறுத்துக்கொண்டு ஓடும் ஆட்டை மறுபடி கட்டுவது.

இவ்வளவும் முடிந்து சட்டியில் கை வைத்தால் நடுத்துண்டு புருஷனுக்குப் போயிருக்கும், வால் பிள்ளைகளுக்குப் போயிருக்கும். மீன் நீந்திய தடம் மட்டும் குழம்பில் தெரியும். அந்தத் தடத்தைத் தொட்டுக்கொண்டு ஆறிப்போன சோற்றைச் சாப்பிடுவாள். மீனவன் வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டும், சூடான மீன்துண்டு எப்படி இருக்கும் என்பது அவளுக்கு மறந்தே போயிருந்தது.

அவள் புருஷன் கூத்தையா கெட்டவன் இல்லை. குடிக்க மாட்டான், கை நீட்ட மாட்டான். ஆனால் அவள் சமையலைப் பற்றி அவனுக்கு ஒரே ஓர் அபிப்பிராயம்தான் உண்டு. முதல் கவளத்தை வாயில் போடுவான், கூரையைப் பார்ப்பான், சொல்வான்: “உப்பு ஒரு கல்லுக் கொறச்சல்.” ஒருநாள் வீம்புக்கு இரண்டு கை அள்ளிப் போட்டுப் பார்த்தாள். பிள்ளைகள் துப்பின. அவன் கூரையைப் பார்த்து அதையே சொன்னான். தைப்பொங்கல் பாயசத்துக்கும் அதையே சொன்னவன் அவன்.

கூத்தையாவும் பாக்கர், பால்சாமி, மலையாண்டி ஆகிய மூன்று பேரும் சேர்ந்து ஒரு வள்ளம் வைத்திருந்தார்கள். பெயர் முத்துமாரி. பிடித்த மீனைக் கரையில் கொட்டிக் கூறு வைப்பார்கள். ஆளுக்கு ஒரு பங்கு. வலை கிழியும், அதைப் பொத்த நூல் வேண்டும் என்று வலைக்கு ஒரு பங்கு. எண்ணெய்க்கும் பலகைக்கும் ஆகட்டும் என்று வள்ளத்துக்கு ஒரு பங்கு. அப்பன் பாட்டன் காலத்து வழக்கம் அது. உழைக்கிற எதற்கும் பங்கு உண்டு என்று அந்தக் கரையில் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள்.

ஒருநாள் முத்துமாரியைக் கரையில் ஏற்றிப் போட்டார்கள். அவ்வப்போது அப்படிச் செய்வதுதான். பாசியைச் சுரண்டி, சுறா எண்ணெய் பூசி, இரண்டு நாள் வெயிலில் ஆறப்போடுவார்கள். கூத்தையா எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றி, பலகை பலகையாக நீவிக்கொண்டிருந்தான். தாலி கட்டிய நாளிலிருந்து பூமயிலின் கைகூட அவ்வளவு பதமாகத் தொடப்பட்டதில்லை. கஞ்சிக் கலயத்தோடு அவள் வந்து நின்றபோது அவன் வள்ளத்திடம் பேசிக்கொண்டிருந்தான்.

“பாவம், எம்புட்டுத்தான் ஒழைக்கும். உப்புத் தண்ணியிலயே கெடந்தா கட்டையும் இத்துப்போகும்ல. ரெண்டு நாளு படுத்துக் கெடக்கட்டும்.”

பூமயிலின் நெஞ்சில் ஏதோ ஒன்று அறுந்தது. கலயத்தை இறக்கி வைத்தாள்.

“எனக்கு எப்ப மச்சான் எண்ணெய் போடப் போறீங்க?”

நாலு பேரும் சிரித்தார்கள். கூத்தையா எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தான். “நீ வீட்டுல சும்மாதான இருக்க. நீ எங்கன இத்துப்போற?”

அவள் திரும்பி நடந்தாள். பேசாமல் போகும் பெண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டும் என்று அந்த நாலு பேருக்கும் யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

ஓய்வு முடிந்து வள்ளத்தைத் தள்ள வேண்டிய காலையில், காற்று வாகாக இருந்தது. நாலு பேரும் கரைக்கு வந்தார்கள். வள்ளத்துக்குள் யாரோ கால் நீட்டிப் படுத்திருப்பது தெரிந்தது. தலையிலிருந்து எண்ணெய் வழிந்தது. நெற்றியில் ஒரு ரூபாய் அகலத்துக்குக் குங்குமம்.

மலையாண்டி கையிலிருந்த துடுப்பைப் போட்டுவிட்டு மணலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். ஆத்தா வந்துவிட்டாள் என்று நடுங்கினான். பால்சாமி இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, என்ன குறை தாயே, சேவலா கிடாயா என்று கேட்டான்.

“எந்திரிங்கப்பா. ஆத்தா இல்ல, பூமயிலு,” என்று வள்ளத்துக்குள்ளிருந்து குரல் வந்தது.

மலையாண்டியின் முகம் வாடிவிட்டது. ஆத்தாவாக இருந்திருந்தால் ஒரு சேவலோடு முடிந்திருக்கும்.

பொம்பளை உட்கார்ந்திருக்கும் வள்ளத்தைத் தண்ணீரில் தள்ளக்கூடாது என்பது அந்தக் கரையின் கட்டுப்பாடு. கூத்தையா கெஞ்சினான், அதட்டினான், கையைப் பிடித்து இழுத்தான். அவள் குறுக்குப் பலகையை இறுகக் கட்டிக்கொண்டாள். வள்ளத்துக்குப் போக மிஞ்சிய சுறா எண்ணெயை அவள் உடம்பெல்லாம் பூசியிருந்ததால் பிடித்த கையும் வழுக்கியது. நாற்றம் பொறுக்காமல் அவனே விலகி நின்றான்.

அவள் கேட்டது ஒன்றே ஒன்று. “வலை கிழியுதுன்னு அதுக்குப் பங்கு. வள்ளம் சுமக்குதுன்னு அதுக்குப் பங்கு. நானும் கிழியுறேன், நானும் சுமக்குறேன். அடுப்புக்கு ஒரு பங்கு வைங்க. இல்லன்னா இனிமே நான்தான் வள்ளம். இத வீட்டுக்கு இழுத்துட்டுப் போங்க, இது ஒலை வைக்கட்டும்.”

பால்சாமி திரும்பித் தெருவைப் பார்த்தான். வள்ளம் சந்துக்குள் நுழையுமா என்று யோசிப்பது அவன் முகத்தில் தெரிந்தது.

கூத்தையாவுக்கு ரோசம் வந்துவிட்டது. அடுப்பு மூட்டுவது என்ன பெரிய வித்தையா, ஒரு வெற்றிலை போட்டுத் துப்பும் நேரத்தில் பொங்கிவிட்டு வருகிறேன், அப்புறம் இவள் எந்த முகத்தோடு பங்கு கேட்கிறாள் என்று பார்ப்போம் என்று சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனான்.

நேரே ஊற்றடிக்குப் போனான். கடலில் ஒரு மீனுக்காகப் பகல் முழுக்கக் காத்திருக்கிறவன், ஒரு சிரட்டைத் தண்ணீருக்குக் காத்திருக்க மாட்டேன் என்றான். குடத்தை அப்படியே குழிக்குள் அமுக்கினான். சுற்றியிருந்த மணல் மொத்தமும் சரிந்து குழியை மூடியது. குடம் உள்ளே, கூத்தையாவின் கை தோள்வரை உள்ளே. கையை உருவிக்கொண்டான். குடத்தை விட்டுவிட்டான்.

அவனுக்குப் பின்னால் வரிசையில் நின்ற பெண்கள் முதலில் குழியைப் பார்த்தார்கள். பிறகு அவனைப் பார்த்தார்கள். அவன் எந்த வழியாக ஓடினான் என்பதை இன்றுவரை யாராலும் சொல்ல முடியவில்லை.

வெறுங்குடங்களோடு அத்தனை பேரும் கரைக்கு வந்தார்கள். முன்னால் வந்தவள் பாக்கரின் மனைவி உம்மு ஹபீபா. கூத்தையாவின் வம்சத்துக்கே நல்ல வார்த்தைகள் சொல்லிக்கொண்டே வந்தவள், வள்ளத்தில் பூமயிலைக் கண்டதும் நின்றாள். விஷயத்தைக் கேட்டாள். மூக்கைப் பொத்திக்கொண்டு, குடத்தை மணலில் வைத்துவிட்டு, உள்ளே ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

பாக்கர் திகைத்துப்போய், நீ எதுக்கு ஏறுறே என்று கேட்டான்.

“தண்ணியும் இல்ல, ஒலையும் இல்ல. அல்லா குடுத்த லீவு. நான் இங்கனயே இருக்கேன்.”

அவளைப் பார்த்து பால்சாமி மனைவி ஏறினாள். மலையாண்டி மனைவி கைக்குழந்தையோடு ஏறினாள். கூட வந்த பெண்களும் ஏறினார்கள். இடம் போதாமல் கடைசியாக வந்தவர்கள் விளிம்பில் உட்கார்ந்தார்கள். இத்தனை பாரம் ஏறினால் வள்ளம் அமிழ்ந்துவிடும் என்று மலையாண்டி கத்தினான். வள்ளம் காய்ந்த மணலில் நின்றுகொண்டிருந்தது. காற்று திரும்பிக்கொண்டிருந்தது, மற்ற வள்ளங்கள் எப்போதோ கடலில் பாய் விரித்திருந்தன.

அப்போது பூமயிலின் மூத்த மகள் சண்முகவள்ளி ஓடி வந்தாள். மூச்சு வாங்கிக்கொண்டு நிலவரம் சொன்னாள்.

“அம்மா, அய்யா யார் வீட்டுலயோ தண்ணி வாங்கி ஒலைய வச்சுட்டாரு. அரிசி போட மறந்துட்டாரு. அரிசிய ஆடு தின்னுட்டு இருக்கு. ஆட்ட வெரட்டப் போய் அய்யா வேட்டி அடுப்புல பட்டுருச்சு. இப்ப கோணியக் கட்டிக்கிட்டு நிக்காரு.”

பூமயிலுக்குச் சிரிப்பு வந்தது. அதன் பின்னாலேயே அழுகையும் வந்தது. பக்கத்தில் வெங்காயம் இல்லாமல் அவள் அழுத முதல் கண்ணீர் அது. உம்மு ஹபீபா அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். சாய்த்துவிட்டு, சுறா எண்ணெய் நினைவுக்கு வந்து, முகத்தை மட்டும் அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

கோணியோடு கூத்தையா வந்து சேர்ந்தான். அவன் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. கூறு வைப்பதில் பாக்கர் சொன்னால் சொன்னதுதான். எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். அவன் தாடியைத் தடவிக்கொண்டு தன் மனைவியையும் பார்த்தான், காற்றையும் பார்த்தான்.

“வள்ளத்துல ஏறுன பொம்பளைய எறக்க எனக்குத் தெரியாது. பங்கு பிரிக்கத் தெரியும். அடுப்புக்கு ஒரு பங்கு. நாலு வீட்டுக்கும் முறை வச்சுப் போகும். மொதல் முறை பூமயிலு தங்கச்சிக்கு.”

மறுநாள் கடலுக்குப் போய் வள்ளம் திரும்பியபோது கரையில் திருவிழாக் கூட்டம். பாக்கர் மீனைச் சமமாகக் கூறு வைத்தான். யாருக்கு எந்தக் கூறு என்று அவர்கள் பேசி முடிவு செய்வதில்லை. ஆளுக்கு ஓர் அடையாளப் பொருளைக் கொடுத்துவிட வேண்டும். முதுகைக் காட்டி நிற்கும் ஒருவன் அவற்றைத் திரும்பிப் பார்க்காமலே பின்னால் எறிவான். எந்தக் கூறில் எது விழுகிறதோ அது அவருடையது. கூத்தையா வழக்கம்போல் ஒரு சோழி கொடுத்தான். பூமயில் தன் அகப்பையைக் கொடுத்தாள்.

அகப்பை பறந்து வந்து, பெரிய விளைமீன் இருந்த கூறின் மேல் மல்லாந்து விழுந்தது. அதைக் கண்டு பெண்கள் போட்ட குலவை பாம்பன் வரைக்கும் கேட்டிருக்கும். கூத்தையாவின் சோழி விழுந்த கூறில், எப்படியோ உள்ளே வந்துவிட்ட பேத்தை மீன் ஒன்று வயிற்றை உப்பிக்கொண்டு அவனையே முறைத்தது. அதைத் தின்ன முடியாது, தின்றால் செத்துப்போவோம். அவன் அதைக் கடலில் விட்டுவிட்டு வந்தான்.

பூமயில் விளைமீனை வீட்டுக்குக் கொண்டுவந்து அரிவாள்மனைக்குப் பக்கத்தில் வைத்தாள். பிறகு எதிர்ச் சுவரோரம் போய் உட்கார்ந்துகொண்டாள். அறுக்கவில்லையா என்று கூத்தையா கேட்டான்.

“வள்ளம் தன் பங்க அதுவா அறுக்குது?”

வழக்கத்தை மீற முடியாத குடும்பம் அது. அவன் அரிவாள்மனை முன் உட்கார்ந்தான்.

செதில் சுவரெல்லாம் ஒட்டியது. வெங்காயம் அவனைத் தாரை தாரையாக அழ வைத்தது. புகையில் இருமி, புளியை இரண்டு தரம் கரைத்து, மிளகாயைக் கண்ணில் தேய்த்துக்கொண்டு, ஒருவழியாகக் குழம்பை இறக்கினான். பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்தன. நடுத்துண்டை எடுத்து முதல் தட்டில் வைத்து பூமயிலுக்கு நீட்டினான். ஆவி பறந்தது.

அவள் பிட்டு வாயில் வைத்தாள். மெதுவாக மென்றாள். கூத்தையா நெற்றி வேர்வையைத் துடைக்கவும் மறந்து அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்படி அவள் அவன் வாயைப் பார்த்துக் காத்திருந்த வேளைகள் எத்தனை என்று அந்த அடுப்பைத்தான் கேட்க வேண்டும்.

அவள் கூரையைப் பார்த்தாள்.

“உப்பு ஒரு கல்லுக் கொறச்சல்.”

கூத்தையாவின் முகம் சுருங்கியது. கரண்டி கையில் அப்படியே நின்றது. நடுக்கடலில் வலை அறுந்துபோனபோதுகூட அவன் அப்படி உட்கார்ந்ததில்லை. மெதுவாகக் கேட்டான்.

“நெசமாவே கொறச்சலா புள்ள?”

“இல்ல மச்சான். சரியாத்தான் இருக்கு.” இன்னொரு துண்டைப் பிட்டாள். “நானும் இத்தன வருசமா சரியாத்தான் போட்டேன்.”

கூத்தையா எழுந்து போய் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து அவள் பக்கத்தில் வைத்தான். தண்ணீர் நன்றாகத் தெளிந்திருந்தது. அன்று காலை, கடலுக்குப் போகும் முன், ஊற்றடியில் வரிசையில் நின்று, பெண்கள் பேசியதையெல்லாம் தலைகுனிந்து வாங்கிக்கொண்டு, சிரட்டையால் மெல்ல அள்ளி வந்தது அது.

வெள்ளிக்கிழமை வந்தது. வழக்கம்போல முத்துமாரிக்குக் குங்குமம் வைத்துச் சாம்பிராணி காட்டிய கூத்தையா, அதே தட்டோடு வீட்டுக்கு நடந்து வந்தான். அடுப்படி வாசலில் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றான். பூமயில் முகத்தை நிமிர்த்தி நெற்றியைக் காட்டினாள்.

குங்குமம் வைத்த பிறகும் அவன் போகவில்லை. இடுப்பில் செருகியிருந்த புட்டியை எடுத்தான். அவள் பதறிப்போய் இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டாள்.

“இது நல்லெண்ணெய் புள்ள,” என்றான் கூத்தையா.