சாமி இல்லாமல் நாற்பத்தாறு நாள்

மூன்றாம் வகுப்போடு சிலேட்டை வைத்துவிட்டுச் சம்மட்டியைப் பிடித்தவன் நான். திருச்சுழிப் பக்கம் குடிக்கிற தண்ணீருக்கே குடத்தோடு காட்டைத் தாண்டி நடந்த ஊர்களில் பாறையை உடைத்துக் கிணறு இறக்கியவன். இங்கே தண்ணீரே கிடையாது என்று படித்த இன்ஜினியர் ஒருவர் சொல்லிவிட்டுப் போன இடத்தில் நான் இறக்கிய கிணற்றில் இன்றைக்கும் மோட்டார் ஓடுகிறது. பாலவனத்தம் போகிற பாதையில் ஒரு பாலத்துக்கு என் கல்தான். அருப்புக்கோட்டையில் மாடி வைத்து வீடு கட்டினேன். கடவுள் இல்லை என்கிற எங்கள் ஆட்கள் உட்கார்ந்து பேப்பர் படிக்க ஒரு படிப்பகம் கட்டினேன். கூரைக்கு ஓடு சுமந்தவனும் நான், திறப்பு விழாவில் இரண்டு மணி நேரம் பேசியவனும் நான்.

இதெல்லாம் ஊருக்குத் தெரியும். இதைவிடக் கடினமான வேலை ஒன்றைச் செய்தேன். அதற்கு மட்டும் இன்று வரைக்கும் எனக்குப் பேர் கிடைக்கவில்லை. அறுபதுகளில் ஒரு தவசு காலத்தில் நான் பீடியை விட்டேன்.

தவசு காலம் என்பது கிறிஸ்தவர்கள் ஈஸ்டருக்கு முன்னால் நாற்பது நாள் தங்களுக்குப் பிடித்த ஏதாவது ஒன்றை விட்டுவிட்டு இருப்பது. எனக்கு இது தெரியவந்ததே என் வேட்டுக்காரரால்தான். என் கூட்டத்தில் கிணற்றுக்குள் வெடி வைக்கிறவர் அவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், வேதக்காரர் என்று நாங்கள் சொல்லும் கிறிஸ்தவர். நான் அவரை அண்ணாச்சி என்பேன், அவர் என்னை மேஸ்திரி என்பார். நாங்கள் இருவர் தவிர வேறு யாரையும் திரிக்குத் தீ வைக்க நான் கிணற்றுக்குள் இறக்க மாட்டேன்.

ஒரு புதன்கிழமை காலையில் அவர் நெற்றியில் சாம்பலோடு வேலைக்கு வந்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“என்ன அண்ணாச்சி, எங்க சொந்தக்காரவுகதான் பட்டை போடுறாகன்னு பாத்தா, நீங்களும் கெளம்பிட்டீகளா?”

“இது அது இல்ல மேஸ்திரி. இன்னைக்குச் சாம்பல் புதன். தவசு காலம் ஆரம்பம். நாப்பது நாளைக்குப் பீடியத் தொட மாட்டேன்.”

கூடை சுமக்கிற பெண்கள் வரைக்கும் எல்லாரும் வேலையை விட்டுவிட்டு அவரைப் பார்த்தார்கள். காரணம் உண்டு. எங்கள் தொழிலில் பீடி என்பது வாய்க்கு மட்டும் உள்ளது அல்ல. பாறையில் குழி போட்டு, மருந்து கெட்டித்து, திரி விட்ட பிறகு, அந்தத் திரியைப் பற்ற வைப்பது பீடிக் கங்குதான். வியர்வைக் கையில் தீக்குச்சி நமுத்துப் போகும், நமுக்காத குச்சியைக் கிணற்றுக் காற்று அணைக்கும். பீடி அப்படி இல்லை. வாயில் வைத்துக்கொண்டே குனிந்து ஒவ்வொரு திரியாகத் தொட்டுக்கொண்டு போகலாம்.

“அப்ப நாப்பது நாளைக்கு வேட்டு யாரு வைக்கிறது? ஒங்க சாமியாரா?” என்றேன்.

“நீங்க இருக்கீகள்ல, தீ வைக்க. ஒங்க வாயிலதான் எந்நேரமும் பொகையுதே.”

“நீங்க விட்டா நானும் விடுவேன்.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே தெரிந்தது. அப்போது நான் ஒரு நாளைக்கு மூன்று கட்டு குடிப்பவன். கிணற்றிலிருந்து ஏறி வந்தால் கரையில் உட்கார்ந்து கால் மணி நேரம் இருமுவேன். இப்படியே போனால் நீ வெட்டுகிற குழியிலேயே உன்னைப் போட வேண்டியதுதான் என்று டவுன் டாக்டர் சொல்லியிருந்தார். அதற்கெல்லாம் பயந்து விட்டவன் இல்லை நான்.

அண்ணாச்சி சிரித்தார். “நீங்க விடுவீகளா? சாமி தொணை இல்லாம அது ஏலாது மேஸ்திரி. நாங்களே முட்டி தேயக் கும்புட்டுத்தான் நாப்பது நாளை ஓட்டுறோம்.”

விஷயம் அங்கேதான் முளைத்தது. படிப்பகத்தில் நான் பேசிய இரண்டு மணி நேரப் பேச்சின் சாரமே சாமி இல்லாமலே மனிதனால் எல்லாம் ஆகும் என்பதுதான். இப்போது என் ஆட்கள் முன்னாலேயே ஒருவர் ஏலாது என்கிறார். பந்தயம் கட்டினேன். நாற்பது நாளும் நான் பீடியைத் தொடாமல் இருந்தால், இதே கிணற்று மேட்டில் எல்லாரும் கேட்க, ‘இவர் சாமி இல்லாமல் இதைச் செய்தார்’ என்று அண்ணாச்சி சொல்ல வேண்டும். தொட்டுவிட்டால் நான் ஈஸ்டர் பூசைக்குப் போய் முன் வரிசையில் முட்டி போட வேண்டும்.

முதல் சிக்கல் மறுநாளே வந்தது. திரிக்கு என்ன செய்வது? பீடியைப் பற்ற வைத்துக் கையில் மட்டும் பிடித்துப் பார்த்தேன். பீடி சிகரெட் மாதிரி இல்லை, இழுக்காவிட்டால் செத்துப்போகும். ஐந்து குழிக்குத் திரி விட்டிருந்தோம், இரண்டாவது திரிக்குப் போவதற்குள் அணைந்துவிட்டது. அண்ணாச்சிதான் யோசனை சொன்னார்.

“ஊதுபத்தி வாங்கிட்டு வாங்க மேஸ்திரி. நின்னு எரியும்.”

பூசைச் சாமான் கடைப் படியை நான் மிதித்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. பத்தி தீர்ந்தால் வேலை கெடும் என்று ஒரு டஜன் பாக்கெட் வாங்கினேன். வெளியே வந்தால் படிப்பகத்துக் கூட்டாளி சைக்கிளில் நிற்கிறான்.

“ஏலே, கையில என்னலே அது?”

“ஊதுபத்தி. தொழிலுக்குலே.”

“என்ன தொழிலு? பூசாரி வேலையா?”

“கெணத்துக்குள்ள திரி பத்த வைக்க.”

“அதுக்குத்தான் பீடி இருக்கே?”

“பீடிய விட்டுட்டேன்.”

“எதுக்கு?”

தவசு காலம் என்று சொன்னேன். அவன் சைக்கிளை விட்டு இறங்கினான். சாயங்காலத்துக்குள் நான் வேதத்தில் சேர்ந்துவிட்டதாக அருப்புக்கோட்டை முழுக்கப் பேச்சு. படிப்பகத்தில் என்னை விசாரிக்கக் கூட்டம் போட்டார்கள், நான் ஓடு போட்ட கூரைக்குக் கீழேயே.

கிணற்றுக்காரர் அதற்கு மேல். நான் தினமும் ஊதுபத்தியைக் கொளுத்திக்கொண்டு பயபக்தியாகக் கிணற்றுக்குள் இறங்குவதைப் பார்த்துவிட்டு, மூன்றாம் நாள் தேங்காயும் வாழைப்பழமும் கொண்டுவந்து மேட்டில் வைத்துக் கும்பிட்டார். பயபக்தி ஒன்றும் இல்லை, மருந்துக்குப் பக்கத்தில் யாராக இருந்தாலும் அப்படித்தான் நடப்பார்கள். பழத்தை மட்டும் தின்றேன்.

வீட்டில் நிலைமை வேறு. பீடி இல்லாத வாய்க்கு வேலை வேண்டுமே, பேசிக்கொண்டே இருந்தேன். குழம்பில் உப்பு, மாட்டுக்குத் தவிடு, கதவு கிறீச்சிடுவது, எதையும் விடவில்லை. பத்தாம் நாள் என் மனைவி ஒரு கட்டுப் பீடியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

“ஒங்க காலப் பிடிக்கிறேன், குடிச்சுத் தொலைங்க. குடிச்சாலாவது வாய மூடி இருப்பீக.”

அந்தக் கட்டை நான் எடுத்து மாட்டுக் கொட்டகைக் கூரையில் செருகி வைத்தேனே தவிரப் பிரிக்கவில்லை. அந்த வாரம் பொரிகடலை தின்றே ஓட்டினேன். பீடி நினைப்பில் ஒரு நாள் சம்மட்டி நழுவிக் கால் நகம் போனது. ஒரு தடவை அண்ணாச்சி வீசி எறிந்த பழைய துண்டுப் பீடி ஒன்று கல் இடுக்கில் கிடப்பதைப் பார்த்துக்கொண்டு வேலை முடிகிற வரைக்கும் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். தொடவில்லை. இதை யாரும் பார்க்கவில்லை, நான் சொல்லித்தான் தெரிய வேண்டியிருக்கிறது.

நாளுக்கு ஒன்றாகக் கிணற்றடி வேப்பமரத்தில் வெட்டுப் போட்டு வந்தேன். நாற்பதாவது வெட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை விழுந்தது. மறுநாள் திங்கட்கிழமை விடிந்ததும் கூரையில் இருந்த கட்டை மடியில் கட்டிக்கொண்டு, கூட்டத்துக்கே கறிச்சோறு ஆக்கச் சொல்லிவிட்டு, கிணற்று மேட்டில் ஏறி நின்றேன்.

“அண்ணாச்சி, நாப்பது முடிஞ்சது. சொல்லுங்க.”

அண்ணாச்சி கறிச் சட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “இன்னும் முடியலையே மேஸ்திரி. பெரிய வெள்ளியே இன்னும் வரல. நாங்க கறி திங்காத இந்த வாரத்துல போயி ஆக்கிட்டீகளே!”

“எண்ணிப் பாருங்க. மரத்துல நாப்பது வெட்டு.”

“ஞாயித்துக்கிழமை கணக்குல கெடையாது. அது ஆண்டவர் நாளு. அத நீக்கித்தான் நாப்பது. சனிக்கிழமதான் முடியும்.”

“ஞாயித்துக்கிழமை கணக்கு இல்லைன்னா, அன்னைக்குப் பீடி குடிச்சிருக்கலாமா?”

“குடிக்கலாமே.”

“நீங்க குடிச்சீகளா?”

அண்ணாச்சி தலையைச் சொறிந்தார். “பூசை முடிஞ்சு வந்து ரெண்டு இழுப்பு…”

என் காதுக்குள் வேட்டு வெடித்தது. ஆறு ஞாயிற்றுக்கிழமை! சாமியை நம்புகிறவர் வாரத்துக்கு ஒரு நாள் புகை விட்டிருக்கிறார். சாமியே இல்லை என்கிறவன் ஒரு நாள் தவறாமல் தவசு இருந்திருக்கிறான். அப்படியே மடியில் இருந்த கட்டைப் பிரித்துக் குடித்திருக்கலாம், என் கணக்கில் நாற்பது முடிந்துவிட்டதுதானே. ஆனால் அவர் கணக்கிலும் ஜெயித்தால்தானே ஜெயிப்பு. கட்டைக் கிணற்றுக்குள் எறிந்தேன். கறிச்சோற்றை அண்ணாச்சி தவிர மற்றவர்கள் தின்றார்கள். இன்னும் ஆறு நாள் இருந்தேன். மொத்தம் நாற்பத்தாறு நாள், இடைவெளி இல்லாமல்.

ஈஸ்டருக்கு மறுநாள் எல்லாரையும் மேட்டில் கூட்டினேன். அண்ணாச்சி புதுச் சட்டையோடு வந்து நின்று, வஞ்சகம் இல்லாமல் சத்தமாகவே சொன்னார்.

“மேஸ்திரி பீடிய விட்டுட்டாரு. ஒரு நாளும் சாமி கும்புடல. ஒத்துக்கிறேன்.” கொஞ்சம் நிறுத்தினார். “ஆனா அவருக்காக நான் கும்புட்டேன்.”

“என்னது?”

“நாப்பது நாளும் செபமாலையில பத்து மணி ஒங்களுக்குன்னு உருட்டுனேன் மேஸ்திரி. ஒங்க இருமலப் பாத்து மனசு கேக்கல.”

“யாரு கேட்டா ஒங்கள?”

“கேட்டா அனுப்புறதுக்கு இது என்ன கல்லு லோடா?”

கூடைக்காரப் பெண்கள் ‘அதானே பாத்தோம்’ என்று தலையாட்டினார்கள். ஜெயித்த பந்தயம் என் கண் முன்னால் கரைந்துபோனது. அடுத்த வருஷம் நீங்கள் செபம் பண்ணாமல் இருங்கள், நான் மறுபடியும் விட்டுக் காட்டுகிறேன் என்றேன். அதற்கு முதலில் மறுபடி குடிக்கப் பழக வேண்டும் என்பது பிறகுதான் உறைத்தது. அதையும் முயன்று பார்த்தேன். ஒரு இழுப்பில் தலை சுற்றிக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தூக்கிப் போட்டேன், அதற்குப் பிறகு இல்லை.

எழுபதுகளில் அண்ணாச்சி ஊரில் மாதா கோவிலைப் புதிதாகக் கட்டித் திறந்தபோது ஒரு விழா மலர் போட்டார்கள். அஸ்திவாரக் கல் நான் கொடுத்தது என்பதால் எனக்கும் ஒரு பிரதி வந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தேன். கல்லைப் பற்றி ஒரு வரி இல்லை. பதினோராம் பக்கத்தில், ‘கடவுளை மறுத்த ஒருவரின் பீடிப் பழக்கத்தை ஆண்டவர் தவசு காலத்தில் நீக்கினார்’ என்று இருந்தது. அண்ணாச்சியிடம் கேட்டால், தான் சொன்னதைத்தான் கோவில் உபதேசியார் எழுதினார் என்றார். உபதேசியாரிடம் கேட்டால், அடுத்த மலரில் பார்க்கலாம் என்றார்.

எனவே அடுத்த மலர் போடுகிறவர்களுக்குச் சொல்லி வைக்கிறேன். கல்லை விட்டுவிடுங்கள், கல் கேட்காது. அண்ணாச்சி பத்து மணி உருட்டினார், நல்ல மனுஷன், அவர் பங்கை அவருக்குக் கொடுங்கள். ஆனால் பொரிகடலை தின்றவன் நான், நகம் போனது எனக்கு, அந்த ஆறு ஞாயிற்றுக்கிழமையும் சும்மா இருந்தவன் நான். பீடியை விட்டது மேஸ்திரி என்று பெரிய எழுத்தில் போடுங்கள். ஆண்டவர் உதவினார் என்று போட்டே ஆக வேண்டும் என்றால் போட்டுக்கொள்ளுங்கள், எனக்குக் கீழே.