கண்ணாடித் தட்டில் ஒரு நெஞ்சு

இதயத்தைத் தட்டில் வளர்க்கும் தொழிலில் வளர்ப்பது பாதி வேலை; மீதிப் பாதி, ஊருக்குப் பதில் சொல்வது. விடுமுறைக்கு வீடு போய் மாட்டிக்கொண்ட ஆய்வு மாணவிகளே, உங்களுக்குத் தெரியாததா?

இடிக்கு ஓர் ஆணி

கோலாலம்பூர் ஆய்வுக்கூடத்தில் எனக்கு வேண்டியது அடையில் இருந்த கோழிமுட்டை. உள்ளே உருவாகும் குஞ்சின் இதய உயிரணுக்களைப் பிரித்துத் தட்டில் வளர்த்தால், அவை தாமாகவே துடிக்கும். ஒருமுறை பண்ணை முட்டை வராமல் போகவே, மலை மேல் ரிங்லெட் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் கோழி வளர்க்கும் அஞ்சலையக்காவிடம் கேட்டேன்.

முட்டைகளைக் கம்பளியில் சுற்றித் தந்தவர், கூடையில் துருப்பிடித்த ஆணியையும் அடுப்புக்கரியையும் போட்டார். இடி இடித்தால் முட்டை கூமுட்டையாகிவிடாமல் இருக்கவாம்! அறிவியல் படிக்கிறவள் ஆணியோடு பஸ் ஏறுவதா என்று வரிந்துகட்டி வாதாடினேன்.

"சரி, ஆணிய எடுத்துடுறேன். தாப்பா மலை எறங்குறப்ப இடி வந்தா, நீயே அதுகிட்டப் பேசிக்க லா!"

மாமாவின் தீர்ப்பு

என் அப்பா தோட்டத்தில் ஆள்கணக்கு எழுதும் கிராணி. அதே வருஷம் அவருக்கு மாரடைப்பு. இதயத் தசையில் ஒரு பகுதி செத்துவிட்டது, திரும்ப வளராது என்றார் தானா ராத்தா ஆஸ்பத்திரி டாக்டர். விடுவேனா? இன்னும் இன்னதென்று ஆகாத ஆரம்ப உயிரணுக்களை இதயத் தசையாக வளர்த்துச் செத்த இடத்தில் ஒட்டலாம், ஒருநாள் நடக்கும் என்று வீட்டில் முழங்கினேன்.

மாமாவோ, படிப்பை நிறுத்திவிட்டு அப்பாவைப் பார்த்துக்கொள், இங்கேயே டீச்சர் வேலைக்கு எழுதிப்போடு என்று முடிவே கட்டிவிட்டார். மகனாக இருந்தால் இப்படிச் சொல்வீர்களா என்று கத்தினேன். தேத்தண்ணியை உறிஞ்சிக்கொண்டே கேட்டார்:

"பெத்தவரு நெஞ்சு இங்க கெடக்கு, நீ அங்க கோழிக்குஞ்சு நெஞ்சப் பாத்துக்கிட்டு இருக்கே. இது என்னா படிப்பு லா?"

கங்காணி இல்லாத பெரட்டு

படிப்பா, வீடா என்பதை அப்பாதான் சொல்ல வேண்டும். இதயப் பரிசோதனைக்காகக் கோலாலம்பூர் வந்தவரை ஆய்வுக்கூடத்துக்கு அழைத்துப்போனேன். நுண்ணோக்கியில் வைத்த கண்ணை அவர் எடுக்கவேயில்லை. முதல் நாள் ஆளுக்கொரு தாளத்தில் துடித்த உயிரணுக்கள், ஒன்றையொன்று தொட்டதும் ஒரே தாளத்துக்கு வந்திருந்தன. விடிகாலைப் பெரட்டில் பேர் கூப்பிட்டு ஆள் சேர்த்தே பழகியவர், "இதுங்களுக்கு யாரும்மா கங்காணி?" என்றார். யாருமில்லை என்றேன்.

"எனக்கு ஆகுமா இது?"

வாய் வரை வந்த பிரசங்கம் அப்படியே நின்றுவிட்டது. "ஆகாதுப்பா. இன்னும் ரொம்ப வருஷம் போகணும்."

மூக்குக்கண்ணாடியை மெதுவாகத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"டாக்டரு ஆகாதுன்னத நீ என் மனசுக்காக ஆகும்னு சொல்லியிருந்தா, இது படிப்பே இல்ல, கெளம்பு வீட்டுக்குன்னு கூட்டிட்டுப் போயிருப்பேன். மாமாகிட்ட நான் பேசிக்கிறேன், நீ உன் தட்டப் பாரு."

ஆக, ஊரோடு போட்ட அத்தனை வாதத்திலும் கிடைக்காத என் படிப்பு, எதிர்வாதமே இல்லாமல் 'ஆகாது' என்று ஒப்புக்கொண்ட அந்த ஒரு நிமிஷத்தில் கிடைத்துவிட்டது.