கிறிஸ்துதாஸ் எண்ணாத முக்கால் நிமிடம்

ஆவடியில் கிறிஸ்துதாஸின் வீட்டுக்குப் பால் ஊற்ற வரும் ஜம்புலிங்கம், வாசலில் சற்று நேரம் நின்றே ஆகவேண்டும். பால்மானியைப் பாத்திரத்தில் மிதக்கவிட்டு, அது காட்டும் அளவைக் கோடு போட்ட நோட்டில் எழுதிய பிறகே கிறிஸ்துதாஸ் அவரைப் போகவிடுவார்.

"பதினோரு வருசமா ஊத்திகினு கீறேன். ஒரு நாளாச்சும் தண்ணி கண்டியா நைனா?"

"இன்னும் கண்டுபிடிக்கல."

"கல்யாணத்தன்னிக்குக் கோயில்ல பாஸ்டர் கேட்டப்போ மட்டுந்தான் இவரு யோசிக்காம ஆமான்னு சொன்னாரு. அதுக்கப்புறம் எல்லாத்துலயும் சந்தேகம்" என்று உள்ளிருந்து அவர் மனைவி சாராளின் குரல் வரும்.

அந்தச் சந்தேகம் பிறவியிலேயே வந்ததன்று. 1936இல் வாலாஜாப்பேட்டை அருகே பிறந்த கிறிஸ்துதாஸ், இளமையிலேயே ராணுவத்தின் கால்நடை மருத்துவப் பிரிவில் சேர்ந்தார். 1966இல் ஒரு மலை முகாமில், கோவேறு கழுதை ஒன்று தண்ணீர் குடித்துவிட்டதாகச் சிப்பாய் ஒருவர் சொன்னதை நம்பி, தாம் பாராமலேயே பதிவேட்டில் கையெழுத்திட்டார். மறுநாள் காலையில் அது செத்து விறைத்துக் கிடந்தது. அன்று முதல் பிறர் வாய்ச்சொல்லை அவர் எழுதுவதில்லை. கண்டதையும் எண்ணியதையும் மட்டுமே எழுதினார். 1980இல் ஓய்வு பெற்று, பூந்தமல்லியில் ஒரு கால்நடை மருந்தகத்தில் உதவியாளரான பின்னும் அவ்வழக்கம் மாறவில்லை.

இத்தகையவரைத்தான் ஆவடிக்கு மேற்கே இருந்த ஒரு குதிரையேற்றக் கழகம் ஆண்டுதோறும் தன் நெடுந்தொலைவு ஓட்டத்துக்கு நாடி எண்ண அழைத்தது. வேப்பம்பட்டு வரை சென்று திரும்பும் இருபது கிலோமீட்டர் பாதையை ஒவ்வொரு குதிரையும் மூன்று முறை சுற்ற வேண்டும். எவ்வளவு வேகமாக வந்தாலும் போதாது. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும், வந்து சேர்ந்த அரை மணி நேரத்துக்குள் அதன் நாடி நிமிடத்துக்கு அறுபத்து நான்காக இறங்க வேண்டும். இறங்காவிட்டால் அத்தோடு வெளியேற்றம்.

1992 ஜனவரி 19, ஞாயிற்றுக்கிழமை. அன்று ஓடிய பன்னிரண்டு குதிரைகளில் சிட்டு என்பதும் ஒன்று. பெயர்தான் சிட்டு; பந்தயத்திடலிலிருந்து கழித்துவிடப்பட்ட, ஆளுயரத்தைத் தாண்டிய செம்பழுப்புக் குதிரை அது. அறுபது கிலோமீட்டரையும் முடித்தால் கழகத்திலேயே இருக்கலாம், முடிக்காவிட்டால் கல்யாண ஊர்வலக்காரரிடம் விற்றுவிடுவோம் என்று செயலாளர் கோவிந்தராஜ் முன்கூட்டியே சொல்லியிருந்தார். அதைப் பராமரித்த தேவராஜ் ஒரு வாரமாகச் சரியாகத் தூங்கவில்லை. தூங்காத மனிதன் எதையும் செய்வான் என்பது கிறிஸ்துதாஸின் கணிப்பு. காலை முதலே அவருடைய ஒரு கண் தேவராஜ்மீது இருந்தது.

முதல் சுற்று முடிந்தபோது சிட்டுவின் நாடி ஐம்பத்தாறு. இரண்டாம் சுற்று முடிந்து, சேணம் இறக்கி நான்கே நிமிடத்தில் தேவராஜ் அதைச் சோதனைக்குக் கொண்டுவந்தார். இடது முன்னங்காலின் முழங்கைக்குப் பின்னால் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கிறிஸ்துதாஸ் கால் நிமிடம் எண்ணினார். பதினொன்று. நான்கால் பெருக்கினால் நாற்பத்து நான்கு.

நாற்பது கிலோமீட்டர் ஓடிவந்த குதிரைக்கு நான்கு நிமிடத்தில் நாற்பத்து நான்கா?

ஆள்மாறாட்டமோ என்று நெற்றிச் சுழிகளை அதன் சோதனை அட்டையிலிருந்த படத்தோடு ஒப்பிட்டார். இரண்டு சுழி, பின்னங்காலில் ஒரு வெள்ளை, அதே குதிரைதான். பனிக்கட்டி வைத்தார்களோ என்று கழுத்தைத் தடவினார். வெதுவெதுப்பாகவே இருந்தது. கண்மணியைப் பார்த்தார், வாயைத் திறந்து முகர்ந்தார்.

"இன்னா அண்ணாத்தே, முத்தா குடுக்கப் போறியா?" என்றார் தேவராஜ்.

"என்னத்தக் குடுத்த இதுக்கு?"

"தண்ணி. கொஞ்சம் வெல்லம். வேணும்னா வாளிய நக்கிப் பாரு."

கிறிஸ்துதாஸ் வாளியில் விரல் விட்டு நக்கியே பார்த்தார். வெல்லம்தான். மரத்தடியில் நின்ற இருவர் சிரித்தார்கள்.

"நாப்பத்து நாலுன்னா நல்லதுதானே தாஸ் சார், அனுப்பிடுங்க" என்றார் இளம் மருத்துவர் இராமகிருஷ்ணன், அடுத்த குதிரையின் ஈறைப் பார்த்தபடியே.

"ரொம்ப நல்லா இருக்கு டாக்டர். அதான் பிடிக்கல."

மீண்டும் ஸ்டெதஸ்கோப்பை வைத்தார். இம்முறை முழு நிமிடம். முதல் கால் நிமிடத்தில் பதினொன்று. அடுத்ததில் பதினேழு. பிறகு பன்னிரண்டு; பிறகு பதினாறு. மொத்தம் ஐம்பத்தாறு. விதிப்படி அது தேறிய எண்தான். ஆனால் துடிப்புகள் சீராக வரவில்லை. இரண்டு நெருக்கியடித்து வந்தன; ஒன்று வெகுநேரம் வராமலே இருந்தது; பிறகு மூன்று சேர்ந்து வந்தன. வரிசை நீளமாக இருந்ததால், காலையிலிருந்து எல்லாக் குதிரைகளையும் கால் நிமிடம் எண்ணி நான்கால் பெருக்கியே அவர் எழுதியிருந்தார்.

மருத்துவர் வந்து இரண்டு நிமிடம் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார். "இதயம் தாளம் தப்பியிருக்கு. எண்ணிக்கை சரியா இருந்தாலும் இதுக்கு மேல ஓட்டக் கூடாது. நடு வழியில விழுந்துடும்."

தேவராஜ் சிட்டுவின் கழுத்தில் கை வைத்துக்கொண்டார். செய்தி கேட்டுக் கோவிந்தராஜ் வந்தார்.

"பழைய இதய நோய். தெரிஞ்சுதான் பந்தயத்துல கழிச்சிருக்கான். ஊர்வலக்காரருக்கு ஆள் அனுப்பிடறேன்."

"பழசுன்னு சொல்ல முடியாது சார்" என்றார் மருத்துவர். "சில குதிரைக்கு ஓட்டத்துலயே இப்படி ஆகும். ஓய்வு குடுத்தா ரெண்டு மூணு நாள்ல தானா சரியாயிடும். காலையில சீரா இருந்துச்சுன்னா இன்னிக்கு வந்ததுதான். காலையிலயே இப்படின்னா பழசு."

மூவரும் கிறிஸ்துதாஸைப் பார்த்தார்கள். அவர் அட்டையைப் பார்த்தார். ஓட்டத்துக்கு முன் எடுத்த காலை ஆறு மணிப் பதிவில் முப்பத்தாறு என்று தெளிவாக எழுதியிருந்தது.

"சொல்லு அண்ணாத்தே" என்றார் தேவராஜ். "காலீல ஒழுங்கா அடிச்சிதா இல்லியா?"

ஒழுங்காக இருந்தது என்று ஒரு சொல் சொன்னால் குதிரை தப்பிவிடும். யாரும் மறுக்கப் போவதில்லை. ஆனால் அவர் காதில் விழுந்தவை ஒன்பது துடிப்புகள் மட்டுமே. ஒன்பதையும் நான்கையும் பெருக்கியது காகிதம். மிச்ச முக்கால் நிமிடத்தில் அந்த இதயம் என்ன செய்தது என்பது யாருக்கும் தெரியாது. ஊரையெல்லாம் சந்தேகித்தவர், தம் பெருக்கலை ஒருநாளும் சந்தேகித்ததில்லை.

"தெரியாது" என்றார். "கால் நிமிசந்தான் எண்ணினேன்."

"தெரியாதா? வாளிய நக்கினியே, இத எண்ண மாட்டியா?"

கிறிஸ்துதாஸ் பேனாவை எடுத்தார். அட்டையின் அடியில், 'காலைச் சோதனை முழுமையாகச் செய்யப்படவில்லை. தவறு சோதித்தவருடையது' என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கோவிந்தராஜிடம் நீட்டினார்.

"பழசா புதுசான்னு தெரியாம விக்கக் கூடாது சார். புதன்கிழமை வரைக்கும் காலையிலயும் சாயங்காலமும் நான் வந்து எண்ணறேன். சரியாகலன்னா வித்துடுங்க."

கோவிந்தராஜ் அட்டையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். "உங்களுக்கும் தேவராஜுக்கும் ஏதாவது பேச்சுவார்த்தையா தாஸ்?"

தம்மை ஒருவர் இப்படிக் கேட்பது கிறிஸ்துதாஸுக்குப் புதிது. கோபம் வரவில்லை, அந்த இடத்தில் தாம் இருந்தாலும் அதையே கேட்டிருப்போம் என்று தோன்றியது. "அப்படி நினைச்சா, நீங்களும் ஒரு ஆளை வச்சு எண்ணுங்க" என்றார்.

"புதன்கிழமை டாக்டர் கேட்டுச் சொல்றதுதான் முடிவு" என்று கோவிந்தராஜ் போய்விட, அந்த ஆளாகத் தேவராஜே வந்து நின்றார். டீக்கடையில் இரவல் வாங்கிய கைக்கடிகாரம் ஒன்றைக் கட்டியிருந்தார். ஒருவர் காதில் ஸ்டெதஸ்கோப், மற்றவர் விரல் தாடையடி நாடியில். முழு நிமிடம், தனித்தனிக் காகிதம், எழுதிய பிறகே காட்ட வேண்டும். ஞாயிறு மாலை ஐம்பத்திரண்டுக்கு ஐம்பது, தாளம் தப்பியே. திங்கள் இரு வேளையும் அப்படித்தான். சாராள் அன்று இரவு மூன்று முறை ஜெபித்ததாகச் சொன்னதைக் கிறிஸ்துதாஸ் நோட்டில் எழுதவில்லை.

செவ்வாய் விடியலில் கிறிஸ்துதாஸ் ஸ்டெதஸ்கோப்பை வைத்தவர் அசையாமல் நின்றார். துடிப்பு, இடைவெளி, துடிப்பு, அதே இடைவெளி. நிமிடம் முடிந்ததும் இருவரும் காகிதத்தை விரித்தார்கள். முப்பத்தாறு. முப்பத்தாறு.

புதனன்று மருத்துவர் மூன்று நிமிடம் கேட்டு, நோய் ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்தில் வந்ததே என்று எழுதிக் கொடுத்தார். சிட்டு கழகத்தில் தங்கியது. நெடுந்தொலைவு ஓட்டம் அதற்கு இனி இல்லை, பழகுவோரைச் சுமக்கும் வேலைதான். கிறிஸ்துதாஸின் நோட்டில் 1997 வரை அதன் வாராந்தர நாடி இருக்கிறது, ஒவ்வொரு வரியிலும் இரண்டு கையெழுத்தில்.

ஆனால் அந்தச் செவ்வாய்க்கிழமை, முப்பத்தாறுகளைப் பார்த்த பின்னும் தேவராஜ் கடிகாரத்தைக் கழற்றவில்லை.

"இன்னொரு வாட்டி எண்ணு அண்ணாத்தே."

"ஏன், என்னை நம்பலையா?"

"உன்ன நீயே நம்பாம எழுதிக் குடுத்துட்ட. நானு எதுக்கு நம்பணும்?"

கிறிஸ்துதாஸ் ஸ்டெதஸ்கோப்பைத் துடைத்து மீண்டும் காதில் மாட்டினார். "சரி. உன் கடிகாரத்த முதல்ல இங்க காட்டு. அது சரியா ஓடுதான்னு பார்க்கணும்."