மாசிலாமணியின் கோணல் தூண்

மாசிலாமணி செத்துப் போனார். மூன்று நாள் காய்ச்சல்... அவ்வளவுதான்.

நேற்று பாளையங்கோட்டையில் அடக்கம். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் டிராமா கம்பெனியில் என்னோடு ஏழு வருஷம் சீன் படுதா எழுதிய பெயிண்டர். காடு, மலை, ஆறு எல்லாம் அவர். அரண்மனை, கோயில், தெரு எல்லாம் நான்.

யாரும் எனக்கு ஆறுதல் கடுதாசி போட வேண்டாம். "கலைக்கே பெரிய நஷ்டம்" என்று கல்லறைத் தோட்டத்தில் நின்று எங்கள் முதலாளி சொல்லியாயிற்று. போன மாதம் இதே வாய்தான், "பயாஸ்கோப் படம் வந்தாச்சு, ரெண்டு பெயிண்டர் எதுக்கு?" என்று கேட்டது. எனக்கு வயிறு எரிகிறது.

ஆனால் எல்லாரையும் விட மாசிலாமணி மேல்தான் கோபம்.

எனக்கு ஒரு வியாதி உண்டு. துணியை இழுத்துக் கட்டி, புளியங்கொட்டைப் பசை தடவிக் காயவைத்து, கரித்துண்டோடு எதிரே உட்கார்ந்தால்... ஒன்றும் வராது. நாள் கணக்காக வராது. கை மரத்துப் போய்விடும்.

யோசனை சொல்ல மட்டும் ஊரே வரும். குறுக்குத்துறையில் உட்கார்ந்து ஆற்றைப் பாருங்கள் என்பார் ஒருவர். நெல்லையப்பரைச் சுற்றி வாருங்கள் என்பார் இன்னொருவர். ஆற்றையும் பார்த்தேன், கோயிலையும் சுற்றினேன். கால்தான் வலித்தது.

மாசிலாமணி யோசனை எதுவும் சொன்னதில்லை.

இங்கிலீஷ் ராஜா டில்லியில் தர்பார் நடத்திய வருஷம். நாங்கள் சேர்ந்த புதிது. எங்கள் முதலாளிக்கும் ஒரு தர்பார் சீன் வேண்டுமாம். பதினோரு நாள் வெறும் துணி முன்னால் உட்கார்ந்திருந்தேன். பன்னிரண்டாம் நாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்தால், துணிக்கு நட்டநடுவே ஒரு தூண். அடி பெருத்து, இடுப்பு வளைந்து, யானைக்கால் வந்த மாதிரி...

"சும்மாவே உக்காந்திருக்கீரேன்னு நானே ஒண்ணு போட்டேன். எப்படி இருக்கு வே?"

"யாரைக் கேட்டு வே என் துணியில கைய வச்சீரு? இதுக்குப் பேரு தூணா? இதுல கூரை நிக்குமா?"

"ஏன், நிக்காதோ?"

கத்திக்கொண்டே அழித்தேன். அழித்த இடத்தில் நேராக ஒன்று போட்டேன். ஒன்று போட்டால் அதற்கு ஜோடி வேண்டுமே... விளக்கு வைப்பதற்குள் எட்டுத் தூண் நின்றது.

அப்புறம் ஆழ்வார்திருநகரியில் கேம்ப். தெரு சீன். ஐந்து நாளாக எனக்கு வரவில்லை. இவர் அதில் ஒரு வீடு போட்டு வைத்தார். வாசற்கதவு தரையிலிருந்து ஆள் உயரத்தில் தொங்குகிறது!

"வீட்டுக்காரன் என்ன, பறந்தா வே உள்ள போவான்?" என்று அடிக்கவே போனேன். மறுநாளைக்குள் தெரு முழுக்க முடிந்துவிட்டது.

இப்படியே வருஷங்கள். பாவம், மரம் செடி போடுகிறவருக்கு நேர்கோடு வராது போல என்றுதான் நினைத்திருந்தேன்.

இந்தச் சித்திரையில் ஒருநாள் அவர் வீட்டுக்குப் போனேன். மேஜையில் ஒரு பென்சில் படம். அவர் படித்த மிஷன் ஸ்கூல். வாசலில் ஆறு தூண், ஸ்கேல் வைக்காமல் வெறும் கையால் போட்டது. மயிரிழை பிசகவில்லை. என் தூண்களை விட நன்றாக இருந்தது... அதையும் சொல்லிவிடுகிறேன்.

"அப்ப இத்தனை வருஷமா என்னைக் கோட்டிக்காரன் ஆக்கியிருக்கீரு?"

"கோவம் வந்தாத்தானே வே உமக்குக் கை ஓடுது. நான் என்ன செய்ய?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அவர் மனைவி காப்பியோடு வந்து நிற்கிறார், அவர் முன்னாலேயே கத்தினேன்.

"இனிமே என் துணியைத் தொட்டுப் பாரும், கைய முறிச்சிருவேன்."

"சரி வே. தொடல."

அதற்குப் பிறகுதான் ஆனித் திருவிழா நாடகத்துக்குப் படித்துறை சீன் ஆர்டர். ஒரே படுதா. வலது பாதியில் ஆறு, அவருக்கு. இடது பாதியில் மண்டபமும் படிகளும், எனக்கு. இருபதே நாளில் அவர் முடித்துவிட்டார். தண்ணீர் நடுக்கோடு வரைக்கும் வந்து நிற்கிறது. என் பக்கம் ஒன்றரை மாதமாக வெறும் துணி. நாடகத்துக்கு இன்னும் ஒன்பது நாள்தான் இருக்கிறது.

நானாக வாய் திறந்து கேட்கவில்லை. ரோஷம். மத்தியானம் சாப்பிடப் போனால் வேண்டுமென்றே தாமதித்துத் திரும்புவேன். வாசலிலிருந்தே எட்டிப் பார்ப்பேன்... துணி அப்படியே இருக்கும்.

நேற்று அடக்கம் முடிந்து திரும்பும்போது, கொட்டகைக் காவல்காரர் இசக்கி கூடவே நடந்து வந்தார்.

"நீங்க சாப்பிடப் போனதும் அவரு வந்து உங்க துணி முன்ன நிப்பாரு அண்ணாச்சி. கையில கரித்துண்டு இருக்கும். போடுங்க, அவுக ஒண்ணும் சொல்ல மாட்டாகன்னு நானும் சொல்லிப் பார்த்தேன். 'இல்ல இசக்கி, தொட மாட்டேன்னு வாக்குக் குடுத்துட்டேன்'னுட்டுப் பைய போயிருவாரு. காய்ச்சலோட கூட ஒருநாள் வந்து நின்னாரு."

ஏழு வருஷத்தில் நான் சொன்ன ஒரு பேச்சைக் கேட்டிருக்கிறாரா இந்த மனுஷர்? என் பிரஷை எடுக்காதீர் என்றால் எடுப்பார். சாயக் கிண்ணத்துப் பக்கத்தில் வெற்றிலை போடாதீர் என்றால் அங்கேதான் உட்கார்ந்து போடுவார்.

இதை மட்டும் ஏன் வே கேட்டீரு?

நல்லபடியாப் போய்ச் சேரும், மாசிலாமணி.