கல்லாற்றில் ஒதுங்கிய றபான்

நான் ஒரு பொய்யை நல்ல ஆங்கிலத்தில் எழுதினேன். உள்ளங்கை அளவு அட்டை அது. தேயிலைச் சாயம் பூசி அதைப் பழுப்பாக்கியிருந்தார் கடைக்காரர். யுத்தம் முடிந்து பாதை திறந்து, மட்டக்களப்புக்கு வெளிநாட்டார் வரத் தொடங்கிய காலம். பழம்பொருள் கடை என்று பெயர் போட்டு, புதிதாகச் செய்த றபான் மேளங்களைப் புகையில் கறுக்க வைத்து விற்றுவந்தார். "வெறும் மேளத்தை ஆர் சேர் வாங்குவான்? ஒரு கதை போட்டுத் தாங்க" என்றார். இது எவ்வளவு பழசு என்று கேட்டேன். "தோல் போன கிழமை வரைக்கும் புல்லுத் திண்டது" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியனிடம் எவரும் எதையும் எழுதித் தரக் கேட்காத நாட்கள் அவை.

கதைக்கு நான் அலையவில்லை. சுனாமிக்குப் பின் முகாமில் இழப்புப் படிவங்களை நிரப்பிக் கொடுத்தவன் நான். போர்த்துக்கேய வழிவந்த பறங்கித் தச்சர் ஒருவர் என் முன் வந்து உட்கார்ந்தார். மனைவியைக் கடல் கொண்டுபோனது, உடல் கிடைக்கவில்லை என்றார். பிறகு தகப்பன் வழி வந்த றபானைச் சொன்னார். கிறிஸ்து பிறந்த நத்தார் நாளின் ஆட்டம் முடிந்த மறுநாள் காலை அவள் அதைச் சுவரில் மாட்ட எடுத்துப்போனபோதுதான் கடைசியாகக் கண்டிருக்கிறார். ஆட்டத்துக்கு முன் தோலை நெருப்பில் காட்டி இறுக்குவது அவர்கள் வழக்கம். ஒருமுறை அவள் பேச்சுப் பராக்கில் விட்டுவிட, மரவிளிம்பில் பிறைபோலக் கருகிப்போனதாம். "அது அவள் வைச்ச சூடு சேர், அதையும் எழுதுங்க" என்றார். படிவத்தில் அதற்கு இடம் இருக்கவில்லை. ஆண்டுகள் கழித்து அட்டையில் இடம் இருந்தது. பறங்கியரின் நூறாண்டு றபான், கடல் கொண்டுபோய்ப் பெரியகல்லாறு ஊர்க் கரையில் ஒதுக்கியது, விளிம்பில் பிறைக் கருகல் என்று எழுதினேன். கடைக்காரர் அதைப் படித்துவிட்டு, காய்ச்சிய கம்பியால் ஒரு றபானின் விளிம்பில் பிறையையும் சுட்டு வைத்தார்.

கடையில் அதைக் கண்டது தச்சரின் அக்கா. அவள் சொல்லித் தச்சர் ஓடி வருவதற்குள் அது விற்றுப்போயிருந்தது. கடைக்காரர் அட்டையிலிருந்த கதையை அவருக்கும் ஒப்புவித்தார். றபான் கல்லாற்றில் ஒதுங்கியதென்றால், அதைக் கையில் வைத்திருந்தவளும் அங்கேதான் ஒதுங்கியிருப்பாள். அவர் அப்படித்தான் எண்ணினார். அன்றுமுதல் விடியவே பஸ் ஏறிக் கல்லாற்றுக்குப் போய், பெயர் தெரியாத உடல்களை எங்கே புதைத்தீர்கள் என்று வீடு வீடாகக் கேட்டார்.

மூன்று மாதம் கழித்தே எனக்கு இது தெரியவந்தது. கல்லாற்றுக்குப் போய், கரையில் அவரைக் கண்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

"அந்தக் கருகல்?"

"நான் எழுதினதைப் பார்த்துச் சுட்டது."

"அப்ப அவள் இங்க வரல்லையா சேர்?"

"எனக்குத் தெரியாது."

அவர் என்னை ஏசவில்லை. காற்சட்டையில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டுப் பஸ்ஸுக்கு நடந்தார். நான் கடைக்குப் போய், மற்ற றபான்களுக்கு எழுதிக் கொடுத்திருந்த மிச்ச அட்டைகளைக் கிழித்தேன். கடைக்காரர் எழுதுவதற்கு வேறொருவரைப் பிடித்துக்கொண்டார்.

அடுத்த கிழமை தச்சரின் வீட்டுக்குப் போனேன். அக்காதான் வாசல் படலைக்கு வந்தாள். உள்ளே அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தது தெரிந்தது. இனி அவர் வீணாக அலையத் தேவையில்லை என்றேன்.

"தேடப் போறதுக்காவது எழும்பித் திண்டான் சேர்" என்றாள்.