கைதட்டு வாங்கிய பவுடர்

2005 வாக்கில் நாங்கள் புதுப்பட்டினத்தில் குடியிருந்தோம். என் கணவருக்கு ரத்தப் புற்றுநோய். சென்னை டாக்டர் தினமும் ஒரு மாத்திரை எழுதித் தந்திருந்தார். 'கைனேஸ்' என்றொரு புரதம் ரத்த அணுக்களைக் கண்டபடி பெருகச் சொல்கிறதாம். அதன் வாயை அடைப்பதுதான் மாத்திரையின் வேலை, நிறுத்தவே கூடாது என்றார். சில மாதங்களிலேயே ரத்தப் பரிசோதனை சரியாக வந்தது. இவர் மறுபடி வேலைக்குப் போக ஆரம்பித்தார்.

எதிர்வீட்டுக்காரருக்கு அது போதுமே! ஆள் சேர்த்து, நோய் எதிர்ப்பு சக்தி பவுடர் விற்பவர் அவர். ஞாயிறுதோறும் கல்யாண மண்டபத்தில் கூட்டம். சாப்பிட்டவர்கள் மேடையேறி, "முட்டிவலி போச்சு", "சர்க்கரை இறங்குச்சு" என்பார்கள், எல்லோரும் கைதட்டுவார்கள். ஒரு ஞாயிறு எங்களையும் அழைத்துப் போனார். திடீரென்று மைக்கில், "நம்ம சார் நம்ம பவுடர் சாப்பிட்டு ரத்தப் புற்றுநோயையே ஜெயிச்சவர். இங்கிலீஷ் மாத்திரையை விட்டு ஒரு மாசமாச்சு. வாங்க சார்!" என்றார்.

என் தலையில் இடி விழுந்தது. தினமும் சாப்பாடு முடிந்ததும் நான்தானே மாத்திரையைக் கையில் கொடுக்கிறேன்? பிறகுதான் தெரிந்தது, 'மாத்திரை எதிர்ப்பு சக்தியைக் கொன்னுடும்' என்று இந்த ஆள் ஓதியிருக்கிறார். இவரும் மாத்திரையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, எனக்காகத் தண்ணீர் மட்டும் குடித்துக் காட்டியிருக்கிறார்! படித்தவராம், ஆபீசராம்!

இவர் மேடையேறினார். கைதட்டல் ஓய்ந்ததும் பின்வரிசையில் சதுரங்கப்பட்டினத்து மீனவர் ஒருவர் எழுந்தார்.

"சார், என் பொஞ்சாதிக்கும் இதே நோவு. அவளும் தெனம் இங்கிலீஷ் மாத்திரதான் துன்னுகினு கீறா. அப்ப நிறுத்திடட்டா? நீயே சொல்லு சார்."

இவர் மைக்கைப் பிடித்தபடி நின்றார். "தைரியமா சொல்லுங்க சார்" என்று எதிர்வீட்டுக்காரர் முதுகில் தட்டினார். என்னால் பொறுக்க முடியவில்லை, எழுந்து கத்திவிட்டேன்.

"சொல்லுங்களேன்! அந்தம்மா உசுருக்கும் நீங்களே ஜாமீன் நில்லுங்க!"



"நிறுத்தாதீங்க" என்றார் இவர். "என் ரத்தத்தைச் சரி பண்ணது மாத்திரைதான். பவுடர் அப்புறம் வந்தது."

மைக்கைப் பிடுங்கினார்கள். "இன்னா ஆளுங்கபா இவனுங்க!" என்று மீனவரும் எங்களோடு வெளியே வந்துவிட்டார்.

மறுநாளே சென்னைக்கு ஓடினோம். அணுக்கள் மறுபடி ஏறத் தொடங்கியிருந்தன. நல்லவேளை, மாத்திரையை மறுபடி ஆரம்பித்ததும் அடங்கின. எதிர்வீட்டுக்காரர் ஒரு வார்த்தை வருத்தம் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறும் ஜாம்ஜாமென்று கூட்டம் நடந்தது. அந்த ஆள் மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை. ஆனால் தன் உயிரைப் பவுடரிடம் ஒப்படைத்த என் கணவர், முகம் தெரியாத ஒரு பெண்ணின் உயிரை ஒப்படைக்க மாட்டேன் என்றாரே, அதற்காகத்தான் இவரை மன்னித்தேன்.