அக்காவுக்காகக் கோதாவரி வரை

எங்கள் நைனா ரயில் கம்பெனியில் கீமேன். அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் இடையில் தினமும் விடிந்ததும் தோளில் சுத்தியலோடு தண்டவாளத்தின் ஓரமாக நடப்பார். தண்டவாளத்தை இறுக்கிப் பிடித்திருக்கும் ஆப்புகளுக்குச் சாவி என்று பெயர். தளர்ந்த சாவியை அடித்து இறுக்குவதுதான் அவர் வேலை. நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அதே வேலை, அதே பாதை. ஆனால் நான் சொல்லப்போகும் பயணம் வரைக்கும் ரயிலில் ஏறி அரக்கோணத்தைத் தாண்டி அவர் போனதில்லை.

குடும்பத்தோடு போய்வர வருஷத்துக்கு ஒருமுறை கம்பெனி இலவச பாஸ் கொடுக்கும். நைனா அதை வாங்கவே மாட்டார். "எங்க போறது? நம்மளுக்கு யாரு கீறாங்க அங்க?" என்பார். எங்கள் குடிசை அண்ணனூர்ச் சேரியில். அம்மாவின் பிறந்த வீடு திருவேற்காட்டுப் பக்கம். நடந்தே போய் வந்துவிடலாம்.

அக்காவுக்குப் பதினைந்து வயதில் கல்யாணம் நிச்சயமாயிற்று. மாப்பிள்ளைக்குப் பெரம்பூர் பட்டறையில் வேலை. அக்கா பாதிரியார் பள்ளிக்கூடத்தில் ஐந்து வகுப்பு படித்தவள். தண்டவாளம் பழுதுபார்க்கும் கேங்கின் மேஸ்திரி வீட்டுத் தெலுங்குப் பெண்களோடு விளையாடிக் கொஞ்சம் தெலுங்கும் பேசுவாள். நிச்சயம் முடிந்த மறுநாள் நைனா அவளைக் கூப்பிட்டு, "உனுக்கு இன்னா ஓணும்னு கேளும்மா" என்றார். புடவை, வளையல் என்று ஏதாவது கேட்பாள் என்று நாங்கள் நினைத்தோம்.

"படத்துல கோதாவரி ஆறு பாத்தேன் நைனா. பாலம் இம்மாம் நீளமாம். பாக்கணும்."

அம்மா சிரித்துவிட்டாள். நைனா சிரிக்கவில்லை. "கல்யாணம் ஆயிட்டா இவ எங்க போவப் போறா?" என்றார். அந்த வருஷம் முதல்முறையாகப் பாஸுக்கு எழுதிக் கொடுத்தார். உலகச் சண்டை வருவதற்கு ஒன்றிரண்டு வருஷம் முந்தி அது. எனக்குப் பத்து வயது இருக்கும்.

புளிச்சோறு கட்டிக்கொண்டு, ஒரு மண்கூஜாவில் தண்ணீர் எடுத்துக்கொண்டு, ஒரு மாலையில் சென்ட்ரலில் ஏறினோம். மூன்றாம் வகுப்பில் ஜன்னல் பக்கம் இடம் காலியாகத்தான் இருந்தது. நைனா எங்களைக் கதவோரம் கடைசிப் பலகையில் உட்காரவைத்தார். யாரும் அப்படிச் சொல்லவில்லை. அக்கா மட்டும் எழுந்து போய் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து நாங்களும் அவள் பக்கம் நகர்ந்தோம். வண்டி ஓட ஓட நைனா கண்ணை மூடிக்கொண்டு சக்கரத்தின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வந்தார். "இங்க ரெண்டு சாவி லூசாக் கீது," என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்வார். எனக்கு அது பெருமையாக இருந்தது. வண்டியில் இருந்த அத்தனை பேரில் அவருக்கு மட்டும்தானே அது கேட்டது!

நெல்லூரைத் தாண்டி விடியும் நேரத்தில் வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. கூஜா உருண்டு உடைந்தது. தண்ணீர் முழுவதும் பலகைக்கு அடியில் ஓடிப்போயிற்று. பங்குனி வெயில் ஏற ஏற எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. நான் அழ ஆரம்பித்தேன்.

பெஸவாடாவுக்கு, இப்போது விஜயவாடா என்கிறார்களே அந்த ஊருக்கு, முன்னால் ஒரு ஸ்டேஷன். பெயர் வேண்டாம். அங்கே மூக்கு வைத்த செம்போடு தண்ணீர்க்காரர் ஒருவர் ஜன்னல் ஜன்னலாக வந்தார். பூணூல் போட்டிருந்தார். எங்கள் ஜன்னலில் நின்று, "மீரெவரு?" என்றார். நீங்கள் யார் என்று அர்த்தம். என்ன ஜாதி என்றுதான் கேட்கிறார் என்பது எனக்கே புரிந்தது.

அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு ஜன்னலுக்கு வெளியே இரண்டு கைகளையும் குவித்து நீட்டி, "நாயுடு" என்றாள்.

அவர் ஊற்றினார். அக்கா தன் கையிலிருந்தே எனக்குக் குடிக்கக் கொடுத்தாள், பிறகு அவளும் குடித்தாள். அம்மாவும் குடித்தாள். நைனா கை நீட்டவில்லை. வண்டி கிளம்பிற்று.

"இங்க நம்மள யாருக்குத் தெரியும் நைனா?" என்றாள் அக்கா.

"யாருக்கும் தெரியாது. எனுக்குத் தெரியுமே."

அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. நைனாவை எதிர்த்து அவள் பேசி நான் அதிகம் கேட்டதில்லை. "அந்தாளு கேக்காம ஊத்தியிருந்தா அவ ஏன்யா பொய்யி சொல்லப் போறா? கேட்டவன வுட்டுட்டுப் புள்ளயக் கோவிச்சிக்கிறியே," என்றாள். நைனா தலையைக் குனிந்துகொண்டார்.

அதோடு முடிந்திருக்கும். ஆனால் எதிர்ப் பலகையில் வயதான ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள். அக்கா சொன்னது அவர்கள் காதில் விழுந்திருந்தது. தாங்களும் நாயுடுதான் என்றார் பெரியவர், தெலுங்கு கலந்த தமிழில். மெட்ராஸில் மகனைப் பார்த்துவிட்டுப் பெஸவாடாவுக்குத் திரும்புகிறார்களாம். அந்த அம்மாள் துணிமூட்டையை அவிழ்த்து ஒரு வாழைப்பழத்தை என் கையில் வைத்தார். அக்காவின் கன்னத்தைத் தொட்டு, லட்சணமான பெண் என்றார். பிறகு பெரியவர் நைனாவிடம், உங்கள் வீட்டுப் பெயர் என்ன, மெட்ராஸில் எந்தத் தெரு, நிலம் இருக்கிறதா என்று கேட்க ஆரம்பித்தார். ஆசையாகத்தான் கேட்டார்.

அக்கா நைனாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நைனா எழுந்து நின்றார்.

"நாங்க நாயுடு இல்லீங்க. சேரி ஆளுங்க. அம்பத்தூர் லைன்ல கீமேனாக் கீறேன். கொயந்த தாகத்துல அழுதுச்சு, அதான் பொண்ணு அப்டி சொல்லிட்ச்சு. மன்னிச்சிக்குங்க."

பெரியவர் மூட்டையைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு, மனைவியை எழுப்பி அந்தக் கோடிக்கு மாற்றி உட்காரவைத்தார். அந்த அம்மாள் அக்காவைத் தொட்ட கையை மடியில் தனியாக வைத்துக்கொண்டார். நான் பாதி உரித்த பழத்தோடு உட்கார்ந்திருந்தேன். தின்பதா, திருப்பிக் கொடுப்பதா என்று எனக்குத் தெரியவில்லை.

"துன்னு," என்றாள் அம்மா.

தின்றேன். பெஸவாடாவில் அவர்கள் இறங்கும்போது, மிச்சம் இருந்த இரண்டு பழங்களை அந்த அம்மாள் எங்கள் பலகையின் ஓரத்தில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார். எங்களுக்கென்று வைத்தாரா, இனி அவர்களால் தின்ன முடியாது என்று வைத்தாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது. எங்களில் யாரும் அவற்றைத் தொடவில்லை.

அதற்குப் பிறகு அக்கா ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை. முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெயில் சாயும் நேரத்தில் வண்டியின் வேகம் குறைந்தது. சத்தமும் மாறிப்போயிற்று. அடியில் மண் இல்லாத சத்தம். நைனா தலைப்பாகையை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு கதவருகே போனார்.

"வாம்மா. உனுக்காவத்தான வந்தோம்."

அவள் அசையவில்லை. நைனா வந்து அவள் கையைப் பிடித்து எழுப்பினார். "நீ பொய்யி சொன்னதுக்குக் கோவம் இல்ல. தாகத்துக்குத் தண்ணி கேக்கக்கூட நாதி இல்லாம இட்டாந்தனேன்னு எம்மேலதான் கோவம்," என்றார். அக்கா அவர் தோளில் முகத்தைப் புதைத்து அழுதாள். அப்படியே கதவருகே நின்று ஆற்றைப் பார்த்தாள். கரை தெரியாத தண்ணீர். நடுநடுவே மணல் திட்டுகள், பாய் விரித்த படகுகள். பாலம் முடியட்டும் என்று நான் காத்திருந்தேன். அது முடிகிற வழியாகத் தெரியவில்லை.

அக்கரை ஸ்டேஷனில் இறங்கியதும் எங்கே போவதென்று எங்களுக்குத் தெரியாது. பாலத்தின் முனையில் கேங் ஆட்கள் வேலை முடித்துச் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். நைனா நேராக அவர்களிடம் போனார். பாஸைக் காட்டினார், கையால் சுத்தியல் அடிப்பதுபோல் காட்டினார். அவர்களின் மேஸ்திரி, நரைத்த மீசைக்காரர், இங்கேயும் அதே கேள்வியைக் கேட்டார். நைனா மறைக்காமல் சொன்னார்.

"மேமூ அந்தே," என்றார் அவர். நாங்களும் அதுதான் என்று அக்கா எங்களுக்குச் சொன்னாள்.

இரண்டு நாள் அவர்கள் குடிசையிலேயே தங்கினோம். மீன் குழம்பும் சோறும் போட்டார்கள். ஆற்றில் குளித்தோம். அம்மாவும் அந்த வீட்டுப் பெண்ணும், ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியாமலேயே, நாள் முழுவதும் பேசினார்கள். நைனா மேஸ்திரியோடு சுத்தியலைத் தூக்கிக்கொண்டு பாலத்தின் மேல் போய்விட்டார். விடுமுறையில் வந்தும் அவர் வேலைதான் செய்தார். திரும்பி வந்தபோது அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

ஊருக்குத் திரும்பும்போது புதுப் பானை நிறையத் தண்ணீர் கட்டிக் கொடுத்தார்கள். வழியில் அதே ஸ்டேஷன் வந்தது. செம்போடு ஒருவர் வந்துகொண்டிருந்தார். முன்பு வந்தவர்தானா என்று எனக்கு நிச்சயமில்லை. பானையில் பாதிக்கு மேல் தண்ணீர் இருந்தது. அக்கா எழுந்து ஜன்னலுக்கு வெளியே கை குவித்து நீட்டினாள். அம்மா, "இன்னாமே பண்றே?" என்று அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

அவரும் அதே கேள்வியைக் கேட்டார். அக்கா தெலுங்கில், நாங்கள் சேரிக்காரர்கள், தண்ணீர் ஊற்றுங்கள் என்றாள். பெட்டியில் எல்லாரும் திரும்பிப் பார்க்கிற அளவு சத்தமாகச் சொன்னாள்.

அவர் ஒரு நொடி நின்றார். செம்பு கொஞ்சம் சாய்ந்ததுபோல் கூட எனக்குத் தோன்றிற்று. பிறகு அடுத்த ஜன்னலுக்குப் போய்விட்டார். வண்டி நகர்ந்த பிறகும் அக்கா நீட்டிய கையை உள்ளே இழுக்கவில்லை. நைனாதான் மெதுவாக அந்தக் கைகளை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். ஊர் வந்து சேரும்வரை, பாலத்தின் சாவி எப்படி இருக்கும், வெயிலில் இரும்பு எப்படி நீளும், எந்தச் சத்தம் கேட்டால் பயப்பட வேண்டும் என்று அவளிடம் சொல்லிக்கொண்டே வந்தார். வீட்டில் அவர் தன் வேலையைப் பற்றிப் பேசியதே இல்லை.

வைகாசியில் அக்காவுக்குக் கல்யாணம் ஆயிற்று. பிறகு சண்டை வந்தது. ஆவடிப் பக்கம் முழுவதும் பட்டாளத்துக் கூடாரங்கள் நிறைந்தன. வண்டிகள் ராப்பகலாக ஓட, நைனாவுக்கு லீவே கிடைக்கவில்லை. மறுபடி அவர் பாஸ் கேட்கவும் இல்லை.

பல வருஷம் கழித்து, பிள்ளைகளை எல்லாம் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு அக்கா தனியாக இருந்த ஒரு நாள், பெரம்பூரில் அவள் வீட்டில் வைத்து, அன்றைக்குப் பானையில் தண்ணீர் இருந்தும் எதற்காக அப்படிக் கேட்டாய் என்று அவளிடம் கேட்டேன். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த கையை அவள் நிறுத்தினாள்.

"அவன் ஊத்த மாட்டான்னு தெரிஞ்சிதான் கேட்டேன். ஊத்தியிருந்தான்னா நான் இன்னா பண்ணியிருப்பேன்னு எனுக்கே தெர்ல," என்றாள்.